கன்றுக்கறிக்காரி நிறுத்திய வரிசை

ப்ரோனியா கறியை உடம்பில் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். வெள்ளைத் துணியில் சுற்றிய கன்றுத்தொடை இடுப்புக்கு இடது பக்கம், ஈரல் வலது பக்கம், அதற்கு மேல் கணவனின் பழைய கம்பளிக் கோட்டு. ஒல்லியான பொம்பளை, வியாழக்கிழமைகளில் மட்டும் பூசினாற்போல் இருப்பாள். பஸ்காரனுக்குத் தெரியும். பக்கத்து சீட்டுக்காரிக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

தார்னுவ் நகரத்தில் இறங்கி முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவாள், அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் வரி ஆபீஸ். "கன்றுக்கறிக்காரி வந்திருக்கா" என்று ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குச் சொல்லிவிடுவார்கள். கோப்பு அலமாரிக்குப் பின்னால் நின்று கறியை வெட்டித் தருவாள். ஜன்னலில் ஒரு ஆள் காவல் நிற்பான். வீட்டில் கன்றை அறுத்து விற்பது சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தை விசாரிக்கிறவர்களின் மனைவிமாரும் அவளிடம்தான் வாங்கினார்கள்.

வேறு எங்கே போய் வாங்குவது? அரசுக் கறிக்கடையில் பலகை இருந்தது, பலகையில் விலை இருந்தது, கறி இல்லை. விலையைத் தலைநகரத்தில் உட்கார்ந்து யாரோ எழுதினார்கள். அந்த விலைக்கு ஒரு குடியானவனும் பன்றியை ஓட்டிக்கொண்டு வரமாட்டான். ஆகவே சுவரில் இரண்டு வரிசை வெறும் கொக்கிகள், தட்டுகளில் எலும்பு, மூலையில் காடி பாட்டில்கள். வந்த கொஞ்ச நல்ல கறியும் கல்லா மேஜைக்கு மேலே ஏறாது. கீழேயே இருக்கும். கீழே இருப்பது யாருக்குப் போகும் என்று முடிவு செய்கிறவள் ரெகினா.

ரெகினா கடை மேனேஜர். வெள்ளை அங்கி, தங்கப்பல், உயர்த்திக் கட்டிய கொண்டை. டாக்டரம்மாவுக்கு மாட்டு நாக்கு, கட்சிச் செயலாளர் வீட்டுக்குப் புகைபோட்ட பன்றித்தொடை ஹாம், பள்ளிக்கூடத் தலைமையாசிரியருக்குத் தொடைச்சதை என்று பொட்டலம் கட்டிப் பேர் எழுதி வைத்திருப்பாள். பதிலுக்கு டாக்டரம்மா ஊசி போடுவாள், செயலாளர் மகனுக்கு வீடு ஒதுக்குவார். மற்றவர்கள் காலை ஐந்து மணியிலிருந்து வரிசையில் நின்று எலும்பு வாங்கிப் போவார்கள். அந்த ஊரில் ரெகினாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றாத ஆண் கிடையாது.

ப்ரோனியாவிடம் ரெகினாவும் வாங்கினாள். பின்வாசல் வழியாக, ஆறு வருஷம். "உன் கன்னுக்குட்டி மாதிரி எங்கயும் கிடைக்காதுடி" என்பாள்.

எண்பத்திரண்டில் ரெகினாவின் கடையைச் சோதிக்க ஆள் வந்தார்கள். கணக்கைவிடச் சரக்கு குறைந்திருந்தது. எங்கே போயிற்று என்று கேட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை ப்ரோனியா பஸ்ஸை விட்டு இறங்கியபோது இரண்டு போலீஸ்காரர்கள் நேராக அவளிடம் வந்து கோட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். ஊர்ச் சனம் பார்க்க, ரோட்டில், இடுப்பிலிருந்து ஈரலை அவிழ்த்தாள். அரசுக் கடைக் கறியை வாங்கிக் கள்ளச்சந்தையில் விற்கும் பதுக்கல்காரி என்று வழக்கு. கோர்ட்டில் ஒரு மொட்டைக் கடிதத்தைக் காட்டினார்கள். கையெழுத்து இல்லை. ஆனால் '7' என்ற எண்ணுக்கு நடுவில் சின்னதாக ஒரு வால் வைத்துச் சுழித்திருந்தது. கறிக்கடை விலைப்பலகையில் அந்த '7'-ஐ ப்ரோனியா ஆறு வருஷமாகப் பார்த்திருக்கிறாள்.

எட்டு மாதம் போட்டார்கள். ஐந்தாவது மாதத்தில் கணவன் வின்சென்டி நுரையீரல் கெட்டுச் செத்தான். புதைத்துப் பதினோரு நாள் கழித்துத்தான் சிறைக்கு ஆள் வந்து சொன்னான். வெளியே வந்தபின் தம்பி ஜெனெக் இழுத்து இழுத்து ஒன்று சொன்னான். சாவு விருந்துக்குக் கறி இல்லாமல் தவித்தார்களாம். ரெகினா மூன்று ஹாம் அனுப்பி வைத்தாளாம்.

"ஊரே அவள மெச்சிச்சு அக்கா. நல்ல மனசுன்னு."

"நீ தின்னியா?"

ஜெனெக் தொப்பியைக் கையில் சுழற்றினான். ப்ரோனியா எழுந்து போய்ப் பன்றிக்குத் தண்ணீர் வைத்தாள்.

அவள் கத்தவில்லை, சாபமிடவில்லை. மாவு மில்லில் மூட்டை தைக்கும் வேலைக்குப் போனாள். வாரம் ஒரு முறை நகரத்துக்கு வந்தால் சுற்றுவழியில் போகாமல் ரெகினாவின் கடை வாசல் வழியாகவே நடப்பாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெகினா என்ன செய்கிறாள், எதை எங்கே வைக்கிறாள், யாரிடம் சிரிக்கிறாள் என்று பார்ப்பாள். ஏழு வருஷம் பார்த்தாள். ரெகினாவைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர்கள் ரெகினா வீட்டிலும் இல்லை.

பிறகு அரசாங்கம் மாறியது. விலையை இனி நாங்கள் எழுதமாட்டோம், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எந்த விலைக்கும் விற்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். படித்தவர்கள் ரேடியோவில் நாள் முழுக்க அதைப் பற்றிப் பேசினார்கள். ப்ரோனியா ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்டுவிட்டு ரேடியோவை அணைத்தாள். தொண்ணூறு ஜனவரியில், பனி முழங்கால் உயரம் கிடந்த ஒரு காலையில், ஜெனெக்கின் தார்ப்பாய் வேன் ரெகினாவின் கடைக்கு நேர் எதிரே வந்து நின்றது. பின்கதவைத் திறந்தால் அறுத்த நாலு பன்றி, ஒரு கன்று, தராசு. கோட்டுக்கு வெளியே, எல்லோரும் பார்க்க.

ரெகினா வெள்ளை அங்கியோடு பனியில் இறங்கி வந்தாள்.

"என்னடி இது? யார் இங்க நிக்கச் சொன்னது?"

"ரேடியோ சொல்லிச்சு மேனேஜரம்மா."

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்க வீட்லயும் இன்னிக்குச் சமைக்கணும்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போலீஸ்காரன் ஒருவன் வரவும் செய்தான். கையை விரித்துவிட்டு ஒரு கிலோ விலாக்கறி வாங்கிப் போனான். ரெகினாவுக்குக் கழுத்து சிவந்தது. பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்.

"நன்றி கெட்டவளே. உன் புருஷன் சாவுக்கு ஹாம் அனுப்பினது யாரு?"

ப்ரோனியாவின் கத்தி எலும்பில் பாதியில் நின்றது. "அத நான் மறக்கவே இல்ல" என்றாள். பிறகு மிச்சத்தை வெட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எதிர்க்கடைப் பலகையைப் பார்ப்பாள். அதைவிடக் கொஞ்சம் குறைத்துத் தன் விலையை வேன் கதவில் சாக்கட்டியால் எழுதுவாள். ரெகினா தன் விலையை மாற்ற மேலிடத்திலிருந்து காகிதம் வரவேண்டும், அதற்கு நாலு நாள் ஆகும். ப்ரோனியாவுக்கு ஈரத்துணி ஒன்று போதும்.

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. கடை ஈயோட்டியது. ஆனால் ரெகினா இளைக்கவில்லை. கடைக்கு வந்த நஷ்டம் அரசாங்கத்தின் நஷ்டம். ரெகினாவுக்குச் சம்பளம் முதல் தேதி வந்தது. அதைப் பார்த்தபோது ப்ரோனியாவுக்கு நெஞ்சு எரிந்தது.

அதற்கு மேல் ஒரு சேதியும் வந்தது. நகரசபை அரசுக் கடைகளை வாடகைக்கு விடப்போகிறது, ஏற்கனவே வேலை செய்கிறவர்களுக்கு முதல் உரிமை. ரெகினாவே வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"கோடைக்குள்ள இந்தக் கடை என் பேருக்கு வருது. அப்ப இந்த ஓட்ட வேன எங்க கொண்டுபோய் நிறுத்துவ, கன்றுக்கறிக்காரி?"

ப்ரோனியா கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். பழைய ஆட்சியிலும் ரெகினாதான், புது ஆட்சியிலும் அவள்தானா? அது நடக்கக்கூடாது. ரெகினாவை வேலையை விட்டே நீக்கினால்தான் அந்த உரிமை போகும். மேனேஜர்களை எதற்கு நீக்குவார்கள் என்று யோசித்தாள். கடை காலியாக இருந்தால் நீக்கமாட்டார்கள். கடை நாறினால் நீக்குவார்கள்.

வழியைக் காட்டியது ரெகினாவின் கடையில் வேலை செய்த தனுதா. தன் கடையில் வாங்காமல் மதிய இடைவேளையில் வேனுக்கு வந்து இறைச்சி வாங்குகிறவள்.

"உங்க கடைல ஒண்ணுமே தொங்கலையே தனுதா. சரக்கு வரலையா?" என்று ப்ரோனியா கேட்டாள்.

"வருது அக்கா. நல்லாவே வருது. மேல வைக்க விடமாட்டேங்குறா. டாக்டரம்மாவுக்கு எடுத்து வை, செயலாளர் வீட்டுக்கு எடுத்து வைன்னு எல்லாம் கீழதான் போகுது."

"அவங்க வந்து வாங்குறாங்களா?"

"எங்க வர்றது? டாக்டரம்மா உங்க பின்னாடிதான் நிக்கிறாங்க, பாருங்க. செயலாளரு இப்ப செயலாளரே இல்ல. நாலு நாள் கழிச்சு நான்தான் பொட்டலத்தப் பிரிச்சுக் கொட்டுறேன். சொன்னா, 'உனக்குத் தெரியாதுடி, இந்தக் கூத்தெல்லாம் ரெண்டு மாசம். மறுபடி தட்டுப்பாடு வரும், என் கால்ல வந்து விழுவாங்க'ங்குறா."

ப்ரோனியா தராசுத்தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ரெகினா தட்டுப்பாட்டுக்காகக் காத்திருக்கிறாள். தட்டுப்பாடு வந்துவிட்டது என்று அவளை நம்ப வைப்பது எப்படி? பேப்பரில் போட்டால் நம்பமாட்டாள். ரேடியோ சொன்னாலும் நம்பமாட்டாள். அந்த நாட்டில் யாரும் எதையும் நம்பமாட்டார்கள், ஒன்றைத் தவிர. கடை வாசலில் நிற்கும் வரிசை.

திட்டத்தைக் கேட்டு ஜெனெக் தலையில் அடித்துக்கொண்டான்.

"பன்னி வளத்து விக்கிறவன் காசு குடுத்துக் கடைல பன்னிக்கறி வாங்குறதா? ஊர் சிரிக்கும் அக்கா."

"சிரிக்கட்டும். உன் பொண்டாட்டி, அவ தங்கச்சிங்க, மில்லுல மூணு பேர். எட்டுப் பேர் போதும். வலைப்பை கொண்டுவரச் சொல்லு. மொகத்த மட்டும் சிரிக்காம வச்சுக்கணும்."

"அன்னிக்கு வேன்?"

"வேன் வராது."

ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மேஜையில் ஹாம் இல்லாத வீடு அந்த ஊரில் கிடையாது. கடைசிக் குடிகாரன்கூட எப்படியாவது ஒரு துண்டு வாங்கிவிடுவான். அப்படிப்பட்ட வாரத்தில், காலை ஆறே முக்காலுக்கு, ரெகினாவின் கடை மூடிய கதவுக்கு முன்னால் எட்டுப் பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்து நின்றார்கள். எதிரே வேன் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

பால் வாங்க வந்த கிழவி ஒருத்தி அதைப் பார்த்தாள். பால் கடையை மறந்து வந்து ஒன்பதாவது ஆளாக நின்றாள். நின்ற பிறகுதான் கேட்டாள்:

"என்ன தர்றாங்க?"

"ஹாம் வருதாம்" என்றாள் ஜெனெக்கின் மனைவி. "இதுதான் கடைசியாம்."

"அய்யோ, ரேஷன் கார்டு மறுபடி வருதா?"

"யாருக்குத் தெரியும். வேனக்கூடக் காணோம் பாருங்க."

ஏழரைக்கு முப்பது பேர். எட்டுக்கு வரிசை தேவாலய முனை திரும்பிவிட்டது. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் நோட்டை எடுத்து, யாரும் கேட்காமலேயே, ஆட்களுக்கு நம்பர் போட ஆரம்பித்தார். யாரோ யாரையோ முன்னால் நுழைந்தாய் என்று திட்டினார்கள். மூன்று மாதமாக அந்தத் தெருவில் இல்லாத சத்தம். சிலர் முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

ரெகினா கதவைத் திறந்தாள். வரிசையைப் பார்த்தாள். அவள் முதுகு நிமிர்ந்ததை, தேவாலயச் சுவருக்குப் பின்னாலிருந்து ப்ரோனியா பார்த்தாள்.

"தள்ளாதீங்க! ஆளுக்கு ஒரு கிலோதான்! முண்டினா கதவ மூடிடுவேன்!"

பழைய குரல் திரும்பிவிட்டது. இருந்த சரக்கு பத்து மணிக்குத் தீர்ந்தது. டாக்டரம்மா பேருக்கு நாலு பொட்டலம் கீழே எடுத்து வைத்துவிட்டு, ரெகினா கறி ஆலைக்குப் போன் போட்டாள். வழக்கத்தைப்போல ஐந்து மடங்கு ஹாம் கேட்டாள். அங்கே குடோனில் தேங்கிக் கிடந்தது. சந்தோஷமாக அனுப்பினார்கள்.

வியாழன் மதியம் லாரி வந்து இறக்கியது. அதே நேரத்தில் வேனும் வந்து பழைய இடத்தில் நின்றது. ஹாம், ஈஸ்டருக்கான வெள்ளை சாசேஜ், எல்லாமே பலகை விலைக்குக் கீழே. நேற்று வரிசையில் நின்றவர்கள் அசடு வழிந்துகொண்டே வேனைச் சுற்றிக் கூடினார்கள்.

ரெகினா அதைப் பார்த்தாள். அப்போதாவது சரக்கை மேலே தொங்கவிட்டு விலையைக் குறைத்திருந்தால் பாதியாவது போயிருக்கும். அவளால் முடியவில்லை. பதினெட்டு வருஷம் அந்தக் கையால் ஒளித்து வைத்தவள். "வேன்ல இருக்கறது சாயங்காலத்துக்குள்ள தீந்திடும், நாளன்னிக்கு எல்லாரும் இங்கதான் வரணும்" என்று தனுதாவிடம் சொல்லிக் குளிரறையில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் பெரிய வெள்ளி. அன்று அந்த ஊரில் நாய்க்கும் கறி கிடையாது. சனிக்கிழமை ஈஸ்டர் உணவுக் கூடையைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்தில் மந்திரிக்கப் போனவர்களின் கூடையெல்லாம் வியாழனே நிறைந்திருந்தது. ஞாயிறும் திங்களும் கடை அடைப்பு. அந்த ஏப்ரல் வழக்கத்துக்கு மீறிச் சுட்டது. குளிரறையோ பழசு.

செவ்வாய்க்கிழமை காலை தனுதா மூக்கைப் பிடித்துக்கொண்டு வேனுக்கு ஓடி வந்தாள்.

"நாத்தம் போகக் காடி ஊத்திக் கழுவி மாட்டச் சொல்றா அக்கா. நான் மாட்டேன்னு வந்துட்டேன். அவளே மாட்டுறா."

"விக்கிறாளா?"

"ரெண்டு பேருக்குப் போட்டுட்டா. ஒருத்தி மோந்து பாத்துட்டு வீசிட்டா. இன்னொண்ணு ரயில்வேக்காரருக்கு." தனுதா ப்ரோனியாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "புதன்கிழமை வரிசைல முன்னாடி நின்னதெல்லாம் உங்க ஊருப் பொம்பளைங்கதான?"

ப்ரோனியா கத்தியைக் கீழே வைத்தாள். ரயில்வேக்காரர் வீட்டுக்கு ஜெனெக்கை ஓடவிட்டாள், அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கி வரச்சொல்லி. மனிதர் ஏற்கனவே இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தார். இரண்டு நாள் வயிறு போய்ப் பிழைத்துக்கொண்டார். அந்த இரண்டு நாளும் ப்ரோனியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பிடுங்கி வந்த பொட்டலத்தை அவள் எறியவில்லை. சுகாதாரத் துறைக்கு எடுத்துப்போனாள். புகாரைத் தன் கையால் எழுதி, முழுப்பேரும் ஊரும் போட்டு, கீழே கையெழுத்திட்டாள்.

"பேரில்லாமலும் குடுக்கலாம்மா" என்றான் ஆபீஸில் இருந்தவன்.

"இல்ல. நான்னு அவளுக்குத் தெரியணும்."

ரெகினாவை அந்த வாரமே நீக்கினார்கள். முதல் உரிமை போயிற்று. ஜூனில் நகரசபை மண்டபத்தில் கடையை வாடகைக்கு ஏலம் விட்டார்கள். க்ராக்கு நகரத்திலிருந்து வந்த ஒரு செருப்பு வியாபாரி விடாமல் ஏற்றினான். ஜெனெக் அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "இந்த வாடகைக்கு நாம செத்தாலும் கட்ட முடியாது" என்றான். ப்ரோனியா கையைத் தூக்கியபடியே இருந்தாள், செருப்புக்காரன் உட்காரும்வரை.

கடைக்குள் போய் முதல் வேலையாகக் கல்லாவின் கீழ்த்தட்டுகளை உடைத்து அடுப்புக்குக் கொடுத்தாள். எல்லாக் கொக்கியிலும் கறி தொங்கியது. தனுதாவைச் சம்பளம் கூட்டி வைத்துக்கொண்டாள். வாடகை கழுத்தை நெரித்தது. இருந்தாலும் காலையில் வெள்ளை அங்கியை மாட்டும்போது அவளுக்கு நன்றாக இருந்தது.

ஆகஸ்டில் ரெகினா வந்தாள். கடைக்குள் இல்லை. தெருவில் கொஞ்சம் தள்ளி, மடக்குக் கட்டில் ஒன்றை விரித்து அதன்மேல் கடை போட்டாள். துருக்கிக் காலுறை, காப்பித்தூள், சோப்பு. கொண்டை இல்லை, தலையில் துணி கட்டியிருந்தாள். ஒரு வாரம் போனதும் கட்டிலில் ஜெர்மன் ஹாம் டின்கள் வந்தன. வாடகையில்லாத விலை. ப்ரோனியாவின் ஹாம் கொக்கியில் தங்க ஆரம்பித்தது.

ப்ரோனியா வாசலுக்குப் போய் நின்றாள்.

"என்ன பாக்குற, முதலாளியம்மா?" என்றாள் ரெகினா. "யார் வேணாலும் எத வேணாலும் விக்கலாமாமே. ஒரு டின் வாங்கிக்கயேன். கெட்டுப்போகாது."

அன்று மதியமே ப்ரோனியா நகரசபைக்குப் போனாள். புதிதாகத் தேர்வான இளைஞன் ஒருவன், கழுத்துப்பட்டை இன்னும் பழகாதவன், அவள் மனுவைப் படித்தான். கடைகளுக்கு ஐம்பது மீட்டருக்குள் தெரு வியாபாரத்தைத் தடை செய்ய வேண்டும். கீழே அந்தத் தெருவின் எல்லாக் கடைக்காரர்களின் கையெழுத்தும் இருந்தது. ஒவ்வொரு வாசலாக அவளே ஏறி இறங்கி வாங்கியது.

"நீங்களே ரோட்டுல வித்தவங்கதானம்மா?" என்று கேட்டான். "நானே உங்க வேன்ல வாங்கிருக்கேன். சந்தைய அதுபாட்டுக்கு விட்டாத்தானே எல்லாரும் பொழைக்கலாம்?"

"அப்ப நான் வாடகை குடுக்கல. இப்பக் குடுக்குறேன். உங்களுக்குத்தான் குடுக்குறேன். அது வேணுமா, வேண்டாமா?"

அவன் முத்திரையை எடுத்தான்.

செப்டம்பர் முதல் வாரம், சீருடை போட்ட இரண்டு பேர் அளவுநாடாவோடு வந்தார்கள். அதன் ஒரு நுனியைக் கதவு நிலையில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ப்ரோனியா கையைத் துடைத்துவிட்டு வந்து தானே பிடித்தாள். நாடா தெருவோடு நீண்டு கட்டில் காலைத் தொட்டது.

"நாப்பத்தாறு" என்றான் அந்த முனையில் இருந்தவன். "நாலு மீட்டர்தான் குறையுது. கொஞ்சம் நகந்துக்கச் சொன்னாப் போதும், இல்லையாம்மா?"

"அம்பதுன்னா அம்பது. உள்ள நின்னா சரக்கப் பிடிக்கணும்னு எழுதியிருக்கு. படிங்க."

ரெகினா படிக்கச் சொல்லவில்லை. கூட்டத்தில் யாராவது தனக்காகப் பேசுவார்களா என்று ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். டாக்டரம்மா கடைக் கண்ணாடியில் விலை பார்த்துக்கொண்டிருந்தாள். சீருடைக்காரர்கள் டின்களைச் சாக்கில் போட்டார்கள். காலுறைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். ரெகினா அவற்றை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்தாள், கட்டிலை மடக்கித் தோளில் தூக்கினாள். ப்ரோனியாவைத் தாண்டி நேராக நடந்தாள்.

ப்ரோனியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தெருக்கோடி, பஸ் நிறுத்தம், அதற்கும் அப்பால் கொஞ்சம். அங்கே ரெகினா நின்றாள். கட்டிலை இறக்கினாள். மறுபடி விரித்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பெண்கள் காலுறையை எடுத்து வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார்கள்.

"உள்ள வாங்க அக்கா, ஆள் நிக்குது" என்று தனுதா கூப்பிட்டாள்.

அந்தப் பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் இருக்கும் என்று ப்ரோனியா அவளிடம் கேட்டாள். தனுதாவுக்குத் தெரியவில்லை. ப்ரோனியா அங்கியைக் கழற்றாமலே தெருவில் இறங்கி, காலடியால் அளந்துகொண்டு நடந்தாள். திங்கட்கிழமை மறுபடி நகரசபைக்குப் போனாள். இந்த முறை நூற்றைம்பது மீட்டர் என்று எழுதியிருந்தாள்.